பிழைச் செய்தியில் உன் பெயர் இல்லை

“எனக்கு இதெல்லாம் வராதுங்க மிஸ்.” கணினித் திரையில் சிவப்பு எழுத்துகள் வந்ததும் எங்கள் மாணவிகள் சொல்லும் வாக்கியம் இது. பக்கத்து வரிசைப் பையன்கள் அதே சிவப்பைப் பார்த்து “சிஸ்டம் சரியில்ல” என்கிறார்கள். பிழை ஒன்றுதான். அவன் இயந்திரத்தைக் குறை சொல்கிறான், இவள் தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறாள்.

இலக்கணம் நடத்திப் பழகியவள் என்பதால் அந்தச் சிவப்பு வரியை ஒருநாள் கரும்பலகையில் எழுதிப் பதம் பிரித்தேன். “மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்: நோ மாட்யூல் நேம்டு மாட்பிளாட்லிப்.” மாட்பிளாட்லிப் என்ற பெயரில் ஒரு தொகுதியைக் காணவில்லை என்பது பொருள். காணாமல் போனது தொகுதி. தேடியது பைத்தான் மொழி. இந்த வாக்கியத்தில் முன்னிலையே இல்லை. ‘நீ’ என்று யாரையும் அது விளிக்கவில்லை. இல்லாத அந்த ‘நீ’யைப் பெண் பிள்ளைகள் தாங்களாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்கிறார்கள். பால் பொங்கி வழிந்தால் அடுப்படியில் நின்றவள்மேல்தான் பழி என்று பழகிய வீட்டிலிருந்து வருகிறவர்கள் வேறு எப்படிப் படிப்பார்கள்?

நான் கணினி படித்தவள் அல்ல. கலைக் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் எடுக்கிறவள். எல்லாத் துறைப் பிள்ளைகளும் முதல் இரண்டு ஆண்டுகள் எங்களிடம் வந்துதான் ஆகவேண்டும். திருமுருகன்பூண்டி, அம்மாபாளையம், அனுப்பர்பாளையம், அவிநாசி என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள்; பலருடைய அம்மாக்கள் பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடி, ஓவர்லாக் பார்க்கிறவர்கள். ஓர் ஆண்டு கள ஆய்வுக்காக ‘அம்மாவின் ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு படுப்பதுவரை அம்மா எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று கேட்டு எழுதிவர வேண்டும். அம்மா சொல்லும் சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

நல்ல சொற்கள் வந்தன. ‘தண்ணி புடிக்கறது’, ‘டிபனு கட்டறது’, ‘ஒன்றரை ஷிப்ட்டு’, ‘வேனுக்கு நிக்கறது’. ஒரு மாணவி ‘சும்மா இருந்தது’ என்று நாற்பது நிமிடம் எழுதியிருந்தாள். “சும்மான்னா என்ன கண்ணு?” என்று கேட்டேன். “டிவி பாத்துட்டு பூண்டு உரிச்சாங்க மிஸ்” என்றாள். வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கியது.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டுக்காகச் செய்யும் ஊதியமில்லாத வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றுக்குத் தருகிறார்கள் என்றும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள் தருகிறார்கள் என்றும் அது சொன்னது. அதிலும் இந்த வேலைகளில் கை வைக்கும் ஆண்கள் 100-க்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். இந்த எண்களை வகுப்பில் சொன்னபோது கணினி அறிவியல் மாணவிகள் நால்வர் எழுந்தார்கள். அம்மாக்களின் கணக்கைப் பட்டை வரைபடமாகப் போட்டு மகளிர் தினத்துக்குக் கல்லூரியில் மாட்டலாம், அம்மாக்களையும் அழைக்கலாம் என்றார்கள். பிளஸ் டூ கணினிப் பாடத்தில் பைத்தானும் அதில் பைபிளாட் கொண்டு வரைபடம் போடும் பாடமும் அவர்களுக்கு உண்டு. தமிழ் வழியிலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. நால்வரில் இருவர் அதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள். இயக்கிப் பார்த்ததில்லை.

இங்கே ‘லைப்ரரி’ என்றால் என்ன என்று கணினி அறியாத வாசகிக்குச் சொல்ல வேண்டும். படம் வரைய வேண்டிய ஒவ்வொன்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. கோடு போட, வண்ணம் தீட்ட, எழுத்தைப் பதிக்க யாரோ முன்பே எழுதிவைத்த நிரல்களின் கட்டு அது. நம் நிரலின் முதல் வரியில் அதை வரவழைக்கிறோம். வரவில்லை என்றால் அடுத்த வரி எதுவும் நடக்காது. பிள்ளைகள் மாட்டிக்கொண்டது அந்த முதல் வரியில்.

முதல் பிழை, மேலே சொன்ன ‘காணவில்லை’. ஆய்வக உதவியாளர் “போட்டாச்சே, இருக்குதே” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தக் கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தன. அவர் தன் கணக்கில் நுழைந்து ஒன்றில் நிறுவியிருந்தார். மாணவிகள் நுழையும் கணக்கில் ஓடியது மற்றொன்று. எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று அதனிடமே கேட்கலாம். ‘சிஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்று ஒரு வரி எழுதினால் தன் முகவரியைச் சொல்லும். வெறுமனே ‘பிப்’ என்று சொல்லி நிறுவாமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று சொன்னால், ஓடுகிற அதே பைத்தானுக்குள் போய்ச் சேரும். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு மதியங்கள் ஆயின. ‘இல்லை’ என்பதற்கும் ‘இருக்கிறது, ஆனால் நீ நிற்கும் இடத்திலிருந்து தெரியாது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரண்டு மதியங்களில் கற்றார்கள்.

இந்த வேறுபாடு அந்த ஆய்வகத்துக்குப் புதிதல்ல. இவர்களுக்கு முந்தைய தலைமுறை மாணவிகள் அதே மேசைகளில் டர்போ சி இயக்கினார்கள். போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட மென்பொருள் அது. உலகம் அதைக் கைவிட்ட பிறகும் நம் கல்லூரிகளில் பல்லாண்டு ஓடியது. வட்டம் வரையச் சொன்னால் “பிஜிஐ எரர்: கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு” என்று வரும். படம் வரையும் கோப்புகள் இருக்கும் அடைவின் பாதையை ‘இனிட்கிராஃப்’ என்ற கட்டளைக்குள் எழுத வேண்டும். அதிலும் சாய்கோட்டை இரண்டிரண்டாகப் போட வேண்டும். சி மொழியில் ஒற்றைச் சாய்கோடு அடுத்த எழுத்தின் பொருளை மாற்றிவிடும் என்பதால் அந்த இரட்டை. காரணத்தை யாரும் சொல்வதில்லை. “ரெண்டு போடு” என்பார்கள். பதிவேட்டில் மந்திரம்போல எழுதிக்கொண்டு போனவர்கள் இன்று என் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “அந்தப் பாதை எனக்கு இன்னிக்கும் மனப்பாடம். எதுக்குன்னு மட்டும் தெரியாது.”

இரண்டாவது பிழை இன்னும் வினோதம். வேறொரு கணினியில் மாட்பிளாட்லிப் கிடைத்தது. ஆனால் “டிஎல்எல் லோட் ஃபெய்ல்டு” என்று நின்றது. ‘எஃப்டி2ஃபான்ட்’ என்ற துண்டை ஏற்றும்போது, குறிப்பிட்ட தொகுதியைக் காணவில்லை என்றது செய்தி. போய்ப் பார்த்தால் அந்தத் துண்டு அதே இடத்தில் பத்திரமாக இருந்தது. காணாமல் போனது அது அல்ல, அது சார்ந்து நிற்கும் இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற அடித்தளப் பொதி அந்தக் கணினியில் போடப்படவில்லை. குற்றப்பத்திரிகையில் ஒரு பெயர், குறை வேறிடத்தில். இதைப் போட நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். அதை வைத்திருந்தவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். நம் பிள்ளைகளின் கல்லூரிப் பேருந்து நான்கு நாற்பதுக்கு.

திறமை என்று நாம் சொல்வதைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இங்கேதான். பிழை திருத்தத் தெரிந்த பையன்களிடம் எப்படிக் கற்றாய் என்று கேட்டேன். எல்லாரும் சொன்னது ஒன்றே: “நைட்டு உக்காந்து நோண்டுவோம் மேம்.” நண்பன் அறையில், பிரவுசிங் சென்டரில், வீட்டு மாடியில், பதினொரு மணிவரை நோண்டல். யாரும் கேட்பதில்லை. மாணவிகளைக் கேட்டேன். வீட்டுக்குப் போனதும் தண்ணீர், பாத்திரம், அம்மா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் உலை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியில் கிடைத்த கணினி வீட்டில் இருக்கிறது, ஆனால் தம்பியிடம் இருக்கிறது. நோண்டல் என்பது கணக்கில் வராத நேரம். தோற்றுத் தோற்றுப் பார்க்க ஒரு பிள்ளைக்கு வீடு தரும் அனுமதி. அந்த நேரம் கிடைத்தவனுக்கு வந்ததை ‘வரும்’ என்றோம். கிடைக்காதவளிடம் ‘வராது’ என்றோம். அம்மாக்களின் 24 மணி நேரத்தை வரையப் போன பெண்களுக்கு அதை வரைய நேரம் இல்லை. அம்மாவின் கணக்கில் மகளின் மாலைப்பொழுதும் கடனாக எடுக்கப்பட்டிருந்தது.

ஆகவே நான் செய்த முதல் வேலை தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. வாரத்தில் இரண்டு தமிழ் வகுப்புகளை ஆய்வகத்துக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன். “தமிழ்த் துறைக்கு லேப்ல என்னங்க வேலை?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிரிதிவாசனும், கோலத்தை வைத்துப் பட மொழிகளின் இலக்கணம் எழுதினார்கள். அணி இலக்கணங்களும் கோலமும் பற்றிய அவர்கள் கட்டுரை 1974-இல் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வந்தது. மூவரில் இருவர் பெண்கள். வாசலில் புள்ளி வைத்து இழுக்கிற கைக்குள் விதிகள் இருக்கின்றன, ஒரு சிறு வடிவத்திலிருந்து பெரிய வடிவத்தை வளர்க்கும் முறை இருக்கிறது என்பதைக் கணிதத்தின் சொற்களில் சொன்னார்கள். டர்போ சி பிறப்பதற்கும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அது. கணினியில் படம் வரைவது எங்கிருந்தோ வந்து நம் பெண்களுக்குப் புரியாமல் போன கலை அல்ல. அந்தக் கலையின் கோட்பாட்டுக்கு நம் வாசல்களிலிருந்து கடன் போயிருக்கிறது. கூட்டத்தில் இதைச் சொன்னேன். வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தது. கடவுச்சொல் வைத்திருப்பவர் அந்த இரண்டு மணி நேரமும் உடன் இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அடித்தளப் பொதி ஏறியது, லைப்ரரி ஏறியது, பட்டைகள் வந்தன. பட்டைகளின் கீழே தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள். இந்த முறை சிவப்பு இல்லை, ஓர் எச்சரிக்கை மட்டும்: “கிளிஃப் 2965 மிஸ்ஸிங்.” அடைப்புக்குள் ‘தமிழ் லெட்டர் கா’ என்றிருந்தது. யூனிகோட் வரிசையில் ‘க’ என்ற எழுத்தின் எண் 2965. மாட்பிளாட்லிப் இயல்பாகப் பயன்படுத்தும் தேஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது. தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். விண்டோஸில் இருக்கும் தமிழ் எழுத்துருவுக்கு ‘நிர்மலா’ என்று பெயர் என்பதில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நிர்மலாவைக் கூப்பிட்டார்கள். கட்டங்கள் மறைந்து எழுத்துகள் வந்தன.

வந்த எழுத்துகளைப் பார்த்து நான் உட்கார்ந்துவிட்டேன். ‘சமையல்’ என்ற சொல்லில் ஐகாரக் கொம்பு ‘ம’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நின்றது. பார்க்கிறவர் அதை ‘ய’வோடு சேர்த்து ‘சமயைல்’ என்றுதான் படிப்பார். ‘வேலை’யில் ‘வ’வின் இரட்டைக்கொம்பு ‘ல’வுக்குப் போய்விட்டது, ‘ல’வின் கொம்பு ஆளில்லாமல் கடைசியில் தனியாக நின்றது. தலைப்பில் இருந்த ‘பெண்’ என்ற சொல்லிலும் ஒற்றைக்கொம்பு ‘ப’வை விட்டு ‘ண்’ணின் பக்கம் சாய்ந்திருந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை. கணினியின் கணக்குப்படி எல்லாம் சரி.

காரணம் இது. ‘கெ’ என்பதைக் கணினி முதலில் ‘க’, அடுத்துக் கொம்பு என்று ஒலி வரிசையில் சேமிக்கிறது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். ‘கொ’ என்றால் பிளந்து இருபுறமும் வைக்க வேண்டும். ‘தூ’ என்றால் இரண்டையும் ஒரே வடிவமாக்க வேண்டும். இந்த வேலைக்குத் தனி லைப்ரரி வேண்டும். ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆகவே பல வரைகலைக் கருவிகளில் இது இல்லாமலே எல்லாம் ஓடும். நம் மொழி மட்டும் உடைந்து ஓடும். அது பிழையாகப் பதிவாகாது.

“லேபிளை இங்கிலீஷ்ல போட்டுருங்களேன், வேலை முடிஞ்சுது” என்றார் துறை நண்பர். கனிவாகத்தான் சொன்னார். நான் மறுப்பதற்குள் மாணவி ஒருத்தி மறுத்தாள். “அம்மா வந்து பாப்பாங்க சார். அவங்க படிக்கோணும்.” சிவப்பைக் கண்டால் “வராதுங்க” என்று கையை எடுத்துவிடும் பெண் அவள்.

தேடத் தெரிந்துகொண்டிருந்தார்கள். பில்லோ என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரி படங்களின்மேல் எழுத்தைப் பதிக்கும். அது ராக்கம் என்ற கருவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் தமிழ் சரியாக வரும். ராக்கம் அரபிச் சொல். எழுத்து என்றும் எண் என்றும் இரு பொருளும் அதற்கு உண்டாம். அதற்கு உள்ளே இருந்து கொம்புகளை இடம் மாற்றுவது ஹார்ஃப்பஸ். ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் பாரசீகப் பெயர். உடைந்த எழுத்தின் வலி தெரிந்த வேறு மொழிக்காரர்கள் போட்ட பாதையில்தான் தமிழும் நடக்கிறது.

ராக்கம் இருக்கிறதா என்று பில்லோவிடம் ஒரே வரியில் கேட்கலாம். கேட்டார்கள். “ஃபால்ஸ்” என்றது. விண்டோஸில் ராக்கம் பில்லோவோடு சேர்ந்தே வருகிறது; ஆனால் ஃப்ரிபிடி என்ற சிறு கோப்பு உடன் இருந்தால்தான் கண் விழிக்கும். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான கோப்பு அது. தமிழுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. இருந்தும் அது இல்லாவிட்டால் ராக்கம் எழாது. எழாதபோது பில்லோ நிற்பதுமில்லை, எளிய முறைக்கு இறங்கி உடைந்த எழுத்தையே எழுதிவிட்டுப் போய்விடும். அந்தக் கோப்பைத் தேடிப் பைத்தான் இருக்கும் அடைவிலேயே வைத்து மறுபடி கேட்டார்கள். “ட்ரூ.” பட்டைகளை மாட்பிளாட்லிப்பில் வரைந்து, சொற்களைப் பில்லோவில் எழுதி ஒட்டினார்கள். கொம்புகள் அவரவர் எழுத்துக்குத் திரும்பின.

அதன் பிறகு முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உரைநடைப் பாடத்தோடு இதையும் நடத்துகிறேன். சிவப்பு வந்தால் கடைசி வரியை முதலில் படி. பைத்தானில் பிழையின் பெயர் அங்கேதான் இருக்கும். அதில் எழுவாய் எது, பயனிலை எது என்று பார். காணவில்லை என்கிறதா, ஏற்ற முடியவில்லை என்கிறதா? இரண்டும் வேறு. காணவில்லை என்றால் எங்கே தேடியது என்று கேள். ஏற்ற முடியவில்லை என்றால் அது யாரைச் சார்ந்திருக்கிறது என்று கேள். சிவப்பே வராமல் தவறாக வந்தால், யாருக்குச் சரியாக வருகிறது என்று கேள். செய்தியை அப்படியே நோட்டில் எழுது. தீர்ந்ததும் காரணத்தையும் எழுது. நோட்டை அடுத்தவளுக்குக் கொடு. இரவில் நோண்ட முடியாதவர்களுக்கு இந்த நோட்டுத்தான் இரவு. இப்போது அது மூன்றாவது நோட்டு.

மகளிர் தினத்தன்று வரைபடங்களைத் தாழ்வாரத்தில் மாட்டினோம். வேலை நாள் என்பதால் அம்மாக்கள் அதிகம் பேர் வரவில்லை. அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று சிலர் வந்தார்கள். ஓர் அம்மா தன் மகள் போட்ட பட்டையின் முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். ‘தண்ணி புடிக்கறது’, ‘வேனுக்கு நிக்கறது’, ‘தூக்கம்’. அந்த இடத்தில் விரல் நின்றது.

“ஆறு மணி நேரம்னு போட்டிருக்கற. என்னிக்குடி ஆறு மணி நேரம் தூங்குனேன்? அஞ்சுன்னு போடு.”

மகள் ஆய்வகத்துக்கு ஓடினாள். எண்ணை மாற்றி நிரலை மறுபடி இயக்கினாள். கால்மணி நேரத்தில் புதிய தாள் வந்தது. அம்மா அதையும் முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனிக்குக் கிளம்பினார்.